வாய்தாவும் நாலு கட்டுரைகளும்

அந்தப் பெயர் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் விழுந்தது. கோர்ட்டில் வழக்கைத் தள்ளித் தள்ளிப் போடுவதற்குச் சொல்வார்களே, அந்த வாய்தாதான். வரலாற்றுத் துறையில் எல்லாரும் கட்டுரையைக் கொடுக்கிற நாளில் இவள் மட்டும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரம் கழித்துத் தன் கட்டுரையைக் கொண்டுபோய் ஆசிரியர் மேஜையில் வைப்பாள். இதை மூன்று தடவை பார்த்த பின்வரிசைக்காரன் ஒருவன், "என்ன, வாய்தா வாங்கியாச்சா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்த பெயர் வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும் காதில் விழும்.

அவள் கையில் என்ன கோளாறு என்று அந்தப் பின்வரிசைக்காரனுக்குத் தெரியாது. அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, பார்த்தால் தெரிகிற வியாதி இல்லை அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒருநாள் பேனா மூடியைக் கழற்ற முடியாமல் போய் ஆரம்பித்தது. முடக்குவாதம் என்றார் டாக்டர். வயசானவங்களுக்கு வருவதாயிற்றே என்று அத்தை அங்கலாய்த்தாள், ஏதோ இவள் வரிசையில் முந்திக்கொண்டு போய் வாங்கிவந்துவிட்ட மாதிரி. சில நாள் ஒன்றுமே இருக்காது. துணி பிழிவாள், டப்பா மூடி திறப்பாள். சில நாள் விடிந்தால் விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்து, சட்டைப் பொத்தான் போட அம்மா வரவேண்டியிருக்கும். எந்த நாள் எப்படி விடியும் என்று அவளுக்கே தெரியாது. நல்ல நாளில் பார்த்தவர்கள் "நல்லாத்தானே இருக்கே" என்பார்கள். கெட்ட நாளில் அவள் வெளியே வருவதில்லை. ஆகவே அவளைக் கெட்ட நாளில் பார்த்தவர்கள் என்று ஊரில் யாருமே கிடையாது.

வீட்டில் இன்னொரு சங்கடம் இருந்தது. அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று எழுதுவதே அவர் பிழைப்பு. நேரம் தவறுவது அவர் கணக்கில் ஒழுக்கம் தவறுவதற்குக் கொஞ்சம் மேலே. டிப்போவில் ஒரு வண்டியாவது நேரத்துக்கு வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது வேறு விஷயம். தாமதமான வண்டிக்கு நேரே "வழியில் நெரிசல்" என்று எழுதிவிட்டால் போதும், அதற்கப்புறம் அது தாமதம் இல்லை. ஆனால் மகள் அவகாசம் கேட்கப் போகிறாள் என்றதும், "நம்ம குடும்பத்துல அப்படி யாரும் கேட்டதில்ல பாப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் முதல் ஆண்டு முழுவதும் அவள் கேட்கவில்லை. வீங்கின விரலோடு எழுதினாள். அந்தத் துறையில் கட்டுரையைக் கையால்தான் எழுதவேண்டும். கணினியில் அடிக்கவிட்டால் அங்கிருந்தும் இங்கிருந்தும் உருவிவிடுவார்கள் என்று துறைத் தலைவர் போட்ட சட்டம் அது. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கறார். கறார் வைத்த கெடு கெடுதான். கெடு முடிந்து மறுநாள் கட்டுரையோடு போனவனை அவர் தன் அறைக்கு வெளியிலேயே நிறுத்தி, கதவைச் சாத்தின கதை ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லப்படும்.

ஆண்டுக் கடைசியில் அவளுடைய மணிக்கட்டு மடங்கவே மாட்டேன் என்றது. கட்டுரைகளும் சுமார்தான். வலியில் எழுதியதால் பாதிக்குப் பாதி சுருக்கியிருந்தாள். இளம் ஆசிரியை ஒருத்தி அவளைத் தனியே கூப்பிட்டு, மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே போனால் கூடுதல் நாள் தருவார்கள் என்று சொன்னாள். வாய்தா போனாள்.

அந்தப் பிரிவின் கதவில் பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது. உருண்டையாக, வழவழவென்று, யாரோ தினமும் துடைப்பதுபோலப் பளபளத்தது. அதைத் திருகினால்தான் கதவு திறக்கும். அன்றைக்கு அவள் விரல்கள் எதையும் திருகும் நிலையில் இல்லை. யாராவது வரட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றாள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் அக்கா டம்ளர் கழுவ வெளியே வந்தாள். அந்தப் பிரிவுக்கு அவள்தான் எழுத்தர், அவள்தான் எல்லாம்.

"எவ்வளவு நேரமா நிக்கறே? கதவைத் தட்டியிருக்கலாம்ல?"

தட்டினாலும் வலிக்கும் என்று வாய்தா சொன்னாள். அக்கா அவள் கையைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கதவை மாற்றச் சொல்லிப் பலமுறை எழுதியாயிற்றாம், பரிசீலனையில் இருக்கிறதாம்.

நல்ல மனசுக்காரி அந்த அக்கா. நாற்காலி இழுத்துப் போட்டு விதிகளை விளக்கினாள். ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும். டாக்டரின் கடிதம் வேண்டும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

"வலி எப்ப வரும்னு ஒரு வாரம் முன்னாடி எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா விதி போட்டவங்களுக்கு வலி இல்ல பாரு," என்றாள் அக்கா. "நீ ஒண்ணு பண்ணு. எல்லாத்துக்கும் இப்பவே போட்டு வெச்சிடு. வந்தா உபயோகமாகும், வராட்டி நிம்மதி."

யோசனை சரியாகத்தான் பட்டது. பருவம் தொடங்கின உடனே எல்லாக் கட்டுரைகளுக்கும் சேர்த்துக் கேட்டாள், எல்லாம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டின் முதல் சில மாதங்கள் கொஞ்சம் மூச்சு விட்டாள். அப்போதுதான் அந்தப் பெயரும் வந்தது. கூடவே பேச்சும் வந்தது. பக்கத்து இருக்கைத் தோழி ஒருத்தி, கெட்டவள் இல்லை, ஒருநாள் பெருமூச்சு விட்டு, "உனக்கென்னடி, குடுத்துவெச்சவ. எனக்கும் ஏதாவது வியாதி வந்தா தேவலை" என்றாள். மறுநாள் காலை பொத்தான் போடும்போதுதான் வாய்தாவுக்கு இதற்குப் பதில் தோன்றியது, ஆனால் தோழி அங்கே இல்லை.

ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. கறாரின் நிலவரிக் கட்டுரையை மட்டும் கெடுவுக்குள் கொடுத்துக் காட்டுவது என்று தீர்மானித்தாள். அவகாசம் கையில் இருந்தும் அதைத் தொடவில்லை. வலியோடு வலியாக எழுதி முடித்தாள். தாள்களைச் சேர்த்துக் கட்ட விரல் ஒத்துழைக்காததால் அம்மா நீல நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பார்சல் மாதிரி கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டுத் தந்தாள். கடைசி நாளன்று எல்லாரும் பார்க்க அதைக் கறார் மேஜையில் வைத்தாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு பல வாரங்கள் சாப்பிடக்கூட இடது கையைத்தான் நம்பினாள். அந்தக் கட்டுரைக்கு மட்டும் பருவம் முடிந்தும் யாருக்கும் மதிப்பெண் வரவில்லை, கறார் நிதானமாகத் திருத்துகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த பருவத்தில் அக்காவின் யோசனை தன் வேலையைக் காட்டியது. அந்தப் பருவத்துக்கு நாலு கட்டுரைகள். வாரத்துக்கு ஒன்றாக, மற்றவர்கள் ஒன்றை முடித்துவிட்டு ஒன்றை எடுக்கும்படி கெடு வைத்திருந்தார்கள். இவளுக்கு முதலாவது தள்ளிப்போய் இரண்டாவதன் மேல் விழுந்தது. இரண்டாவது மூன்றாவதன் மேல் சாய்ந்தது. நடுவில் ஒரு பொல்லாத வீக்கம் வந்ததால் அக்கா இரக்கப்பட்டு முதல் மூன்றையும் நாலாவதன் கெடுவரைக்கும் தள்ளி வாங்கித் தந்தாள். கடைசியில் கணக்குப் பார்த்தால் நாலு கட்டுரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து நின்றன. உதவி என்று கொடுத்த நாட்கள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு சுவராக எழும்பி அவள் எதிரில் நின்றன. அந்த வாரம் பார்த்து இரண்டு கையும் சேர்ந்து மக்கர் பண்ணின.

சொன்னதைக் கேட்டு எழுதும் செயலி ஒன்றைத் தம்பி முறைக்காரன் ஒருவன் போனில் போட்டுக்கொடுத்தான். பேச்சு வேகத்துக்கு அம்மாவுக்கு எழுத வராது, அதனால் அதில் பேசி எழுதவைத்து அம்மாவைக் கொண்டு படியெடுக்கலாம் என்று நினைத்தாள். அது நிலவரியை நிலா வரி என்று எழுதியது. உழுகிற குடியானவனின் குடிவார உரிமையைக் குடிகார உரிமை என்று எழுதியது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாய்தாவுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

அக்காவிடம் ஓடினாள். ஏற்கெனவே மறுபடி நீட்டித்த கெடுவை இன்னும் நீட்டிக்க விதியில் இடமில்லை, துறைத் தலைவர் மனசு வைத்தால் உண்டு என்றாள் அக்கா. துறைத் தலைவர் என்றால் கறார். "அவர்கிட்ட போறதுக்குப் போகாமலே இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கடிதம் கையால் எழுதிக் கொடுத்தாள்.

கறாரின் அறை சிறியது. சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி, அதன் தலையில் கூரை முட்டக் கட்டுக் கட்டாகக் காகிதம். அவர் கடிதத்தை வாங்கி முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார், பிறகு தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். "நீயே படி" என்று திருப்பித் தந்தார். படித்தாள்.

அவர் பொறுமையாகத்தான் பேசினார். கெடு என்பது எல்லாருக்கும் பொது, அதுதான் நியாயம் என்றார். கூடுதல் நாள் கொடுத்தாயிற்று, அதுவே அதிகம் என்றார். "இன்னும் குடுத்தா மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல யாரும்மா உனக்காகக் காத்திருப்பாங்க?"

இதற்கெல்லாம் வரும் வழியில் பதில் தயார் பண்ணியிருந்தாள். சொல்ல வாயெடுத்தபோது கண் அலமாரியின் மேலே போயிற்று. ஒரு கட்டின் நடுவில் நீல நூல் தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக, இரட்டை முடிச்சு.

"சார், அது என்னோடது."

"எது?"

"அந்த நீல நூல் கட்டினது. நிலவரி. போன பருவத்துல குடுத்தேன், கடைசி நாளுக்குள்ளயே." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "முடிச்சு இன்னும் அவுக்கலையே சார்" என்றாள்.

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கறார் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அந்த உயரத்தில் ஒரு நூல் அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பேசுவதற்குள் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

"கண்ணு சரியில்லம்மா," என்றார். "நடுவுல ஒரு மறைப்பு. எதைப் பாக்கறேனோ அது மட்டும் தெரியாது, சுத்தி இருக்கறதெல்லாம் தெரியும். அச்சடிச்சதுன்னா எப்படியோ சமாளிக்கிறேன். கையெழுத்து சுத்தமா முடியல."

கையால்தான் எழுதவேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஆபீஸில் சொன்னால் திருத்துவதற்கு அவகாசம் கொடுப்பார்களே என்று வாய்தா உண்மையான அக்கறையோடு சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. "நான் போய் அவகாசம் கேக்கறதா?" என்றார்.

அந்தக் குரல் அவளுக்கு நன்றாகப் பழகின குரல். முதல் ஆண்டு முழுவதும் தன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மணிக்கட்டைத் தின்ற அந்தக் கட்டுரை அலமாரி மேல் தூசி தின்றுகொண்டிருக்கிறதே என்ற ஆற்றாமை இருந்தது, ஆனால் அதை இந்த மனிதர்மேல் கொட்ட மனசு வரவில்லை.

"சார், என்னால எழுத முடியல. உங்களால படிக்க முடியல," என்றாள். "நான் சொல்றேன், நீங்க கேளுங்களேன்."

கறார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முன்மாதிரி இல்லை என்றார். ஆதாரம் இருக்காது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வா என்றார். நாலில் இரண்டு அவருடைய பாடம். மற்ற இரண்டுக்கும் உரிய ஆசிரியர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தலைவர் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

அந்த மத்தியானம் அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்ததையெல்லாம் சுருக்காமல் சொன்னாள். பஞ்சகாலத்துத் தானியக் கிடங்குகளைப் பற்றி, குடிக்கணக்கு எடுக்கப் போன அதிகாரிகளை ஊர்க்காரர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைப் பற்றி, நெசவாளர் வரியைப் பற்றி. கை வலித்தது, ஆனால் கை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. கறார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேள்விகள் ஊசி மாதிரி வந்தன. ஓர் இடத்தில் அவள் சொன்ன பதிலுக்கு அவர் கண் திறந்து, அவள் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்து, "இதை எங்க படிச்சே?" என்று கேட்டார். நானாகத்தான் யோசித்தேன் என்றாள். "ம்" என்றார். கறாரிடமிருந்து ஒரு "ம்" வாங்கின மாணவர்கள் அந்தத் துறையில் அதிகம் பேர் இல்லை.

நாலாவது துறைமுகங்கள். அதில் அவள் திணறினாள். நேரே போகமுடியாமல் சுற்றி வளைத்தாள். அந்தப் பாடத்தின் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கேயே முடித்துக்கொண்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மதிப்பெண்கள் தேர்வுப் பிரிவுக்குப் போனதும் அங்கே ஒருவர் கட்டுரைகள் எங்கே என்று கேட்டார். கட்டுரை இல்லை, வாயால் சொன்னாள் என்றார்கள். அப்படி ஒரு வகை அவர்களிடம் இல்லை. முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தன்னால் ஏன் எழுத முடியவில்லை என்பதை இரண்டு பக்கங்களுக்குக் குறையாமல், சொந்தக் கையெழுத்தில் எழுதித் தரும்படி அவளுக்கு உத்தரவு வந்தது. அக்கா அந்த உத்தரவைப் படித்துக் காட்டும்போதே பாதியில் நிறுத்திவிட்டாள், சிரிப்பா எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அம்மா எழுதினாள், மகள் கீழே ஒரு கையெழுத்துப் போட்டாள்.

கமிட்டியின் முதல் கூட்டம் போதுமான பேர் வராததால் தள்ளிப்போயிற்று. இரண்டாவது கூட்டம் கமிட்டித் தலைவர் வெளியூர் போனதால் தள்ளிப்போயிற்று. மூன்றாவது கூட்டத்தின் தேதி அறிவிக்காமலேயே கடந்து போயிற்று. இவ்வளவு தள்ளிப்போட்டும் அந்தக் கமிட்டிக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

ஒருவழியாகக் கூட்டம் நடந்தது. குறிப்பெடுக்க அக்காவைத்தான் உட்காரவைத்தார்கள், அதனால்தான் நடந்தது வெளியே தெரிந்தது. கமிட்டிக்காரர்கள் மாணவியைப் பற்றி அதிகம் கேட்கவில்லையாம். கறாரைத்தான் துருவினார்களாம். கெடு விஷயத்தில் இத்தனை வருஷம் யாருக்கும் இளகாத மனுஷர் இந்த ஒருத்திக்கு மட்டும் எப்படி இளகினார், உறவா, சிபாரிசா என்று ஒருவர் நயமாகக் கேட்டாராம். அவர் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"எனக்குக் கையெழுத்துப் படிக்க முடியல," என்றாராம். "ஒரு வருஷமா. அந்தப் பொண்ணு சொன்னதை மட்டும்தான் இந்த வருஷம் நான் முழுசா கேட்டு மார்க் போட்டிருக்கேன். மத்ததெல்லாம் அலமாரி மேல இருக்கு."

உடனே அறையில் ஒரே அனுதாபம் என்றாள் அக்கா. கண் சிகிச்சைக்கு அவருக்கு விடுப்பு, திருத்தாத கட்டுகளுக்கு வேண்டிய மட்டும் அவகாசம், டாக்டர் கடிதத்தைச் சௌகரியப்பட்டபோது தந்தால் போதும் என்று அங்கேயே முடிவாயிற்று. மாணவியின் மதிப்பெண்ணை ஏற்கலாம், ஆனால் இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். அக்கா அதையும் எழுதிக்கொண்டாள்.

"விடு, மார்க் வந்துருச்சில்ல" என்றாள் வாய்தாவிடம். வாய்தாவுக்குத் தன் மதிப்பெண்ணைவிட அந்த மனிதர் அதைச் சொல்ல எத்தனை பாடு பட்டிருப்பார் என்பதுதான் மனசில் ஓடியது. போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் போகாமலே விட்டாள். அது பின்னாளில் கொஞ்சம் உறுத்தியது.

மற்றவர்கள் அடுத்த ஆண்டுப் புத்தகங்களோடு திரிய ஆரம்பித்த பிறகு அவளுடைய முடிவு பலகையில் ஒட்டப்பட்டது. தனித் தாள், தனி ஊசி. மூன்றில் நல்ல மதிப்பெண், ஒன்றில் வகுப்பிலேயே முதல். துறைமுகங்களில் தோல்வி.

வீட்டில் அப்பா இடிந்துபோனார். கை முடியாத பெண்ணைப் பெயிலாக்க எப்படி மனசு வந்தது என்று டிப்போவில் பார்த்தவர்களிடமெல்லாம் முறையிட்டார். அவகாசம் கேட்டதைக் குடும்ப மானம் என்று பேசினவர், இப்போது இரக்கத்தை உரிமை மாதிரிக் கேட்டார். மேல்முறையீடு செய்யலாம், நானே வந்து பேசுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாதான் உட்காரவைத்தாள்.

பலகையின் முன்னால் நின்ற தோழிக்கும் கண் கலங்கிவிட்டது. வாய்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாவம்டி நீ. கை நல்லா இருந்திருந்தா இதையும் பாஸ் பண்ணியிருப்பே" என்றாள்.

வாய்தா அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தாள். துறைமுகப் பாடத்துக்கு அவள் புத்தகத்தையே திறக்கவில்லை. அந்தப் பாடமே அவளுக்குப் பிடிக்காது. கப்பல் வரும், சரக்கு இறங்கும், சுங்கம் கட்டுவார்கள், மறுபடி கப்பல் வரும். படிக்காமல் போய் உட்கார்ந்து உளறினாள், தோற்றாள். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படித் தோற்கிறார்கள், யாரும் அவர்களுக்காக டாக்டர் கடிதம் கேட்பதில்லை. என்னவோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோழி பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கை என்னடி பண்ணும்? நான் படிக்கவே இல்ல," என்றாள் வாய்தா.

அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை படித்தாள், நன்றாகப் படித்தாள் என்று சொல்ல முடியாது. கைகள் அந்த மாதம் ஏனோ சாதுவாக இருந்தன. கூடுதல் நாள் கேட்காமலே கட்டுரையைக் கொடுத்தாள், ஐம்பத்துமூன்று வாங்கித் தேறினாள். அந்த மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை.